கண்ணுக்குத் தெரியாத எழுத்து

ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டை எங்கே வைப்பது என்பதில் மாமாவுக்கும் மேனேஜருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. ஓரமாக வைத்தால் போதும், நடுவில் வைத்தால் எழுத்து மறைக்கும் என்றார் மாமா. பொட்டை யாராவது ஓரத்தில் வைப்பார்களா என்று கேட்டார் மேனேஜர். கேள்வி நியாயமானதுதான். கண்ணாடித் திரைக்கு நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்து, சாமந்திச் சரமும் சுற்றியாயிற்று.

எண்பதுகளின் கடைசி அது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மாமாவுக்கு வேலை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. டைப்ரைட்டிங் முடித்து, திருச்சியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர். ஆலைக்கு இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை ஓட்டத் தெரிந்தவரும் ஒரே ஒருவர். அதற்குத் தனி அறை, ஏசி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஒரு போர்டு. எங்கள் ஊர் மாரியம்மன்கூட இவ்வளவு கெடுபிடி செய்ததில்லை.

அதே ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில்தான் அப்பாவும் வேலை பார்த்தார். மாமாவைப் போல ஆபீஸ் வேலை இல்லை, காண்ட்ராக்ட் கூலி. பதினொரு வருடம் ஒரே பள்ளத்தில் கல் உடைத்தும் ஆலையின் எந்த ரிஜிஸ்டரிலும் அவர் பெயர் ஏறவில்லை. அந்த வருடம் அவரும் இன்னும் நாற்பது பேரும் எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று லேபர் ஆபீசருக்கு மனு கொடுப்பதாக ரகசியமாக முடிவு செய்திருந்தார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு போய்ச் சேரும்முன் யார் பெயராவது வெளியே தெரிந்தால், மறுநாள் காலையில் அவருக்கு வேலை இருக்காது. ஆலை கேட்டில் சட்டைப்பையையும் சோற்றுத் தூக்கையும் திறந்து பார்க்கிற காலம். அதனால் டைப் அடித்துத் தர ஒப்புக்கொண்ட மாமா, மனுவையும் பெயர்ப் பட்டியலையும் யாரும் தேடாத ஓர் இடத்தில் வைத்தார், ஆலையின் கம்ப்யூட்டருக்குள்ளேயே.

இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தவை. ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு அன்றைக்குத் தெரிந்தது, ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள், பொரிகடலை கிடைக்கும் என்பது மட்டும்தான்.

காலையிலேயே மாமாவோடு சைக்கிளில் போய்விட்டேன். அவர் துடைத்துக்கொண்டிருக்கும்போது நான் தொணதொணத்திருப்பேன். வாயை அடைக்க ஒரு வித்தை காட்டினார். திரையில் பச்சை எழுத்தில் ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றைக் காட்டி, அதை அப்படியே அடித்துப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது கம்ப்யூட்டர். கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் இல்லையாம்.

"அந்தப் பேரு முடியற எடத்துல இன்னொரு எழுத்து இருக்குடி. இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாது" என்றார் மாமா.

பெயரை மறுபடி அடித்து, இடது கைப்பக்கம் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் எண்கள் இருந்த இடத்தில் இரண்டு, ஐந்து, ஐந்து என்று தட்டினார். திரையில் எதுவும் தோன்றவில்லை. மினுக்கிக்கொண்டிருந்த கோடு மட்டும் ஓர் எழுத்தளவு தள்ளி நின்றது. அப்புறம் அந்தப் பெயர் ஒரு கதவைப் போலத் திறந்துகொண்டது. உள்ளே ஒரு விளையாட்டு இருந்தது. பச்சைக் கோடு ஒன்று புள்ளிகளைத் தின்று தின்று நீளமாகும். பூஜைக்கு மணி அடிக்கும்வரை விளையாடினேன். யாரிடமும் சொல்லாதே என்று மாமா சொன்னார். சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியமும் செய்தேன்.

பூசணிக்காய் உடைத்து முடித்ததும் மேனேஜர் தன் மகளை அழைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். என் வயதுதான் அவளுக்கு. கான்வென்ட்டில் படிக்கிறவள், ஷூ போட்டிருந்தாள். போர்டு அவளுக்குப் பொருந்தாது போலும், கழற்றவில்லை. கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டுங்கள் என்றார் மேனேஜர். பூஜையில் வைத்ததை இன்றைக்குத் தொடக் கூடாதே சார் என்று மாமா இழுத்துப் பார்த்தார், நடக்கவில்லை.

திரையில் பெயர்கள் வந்தன. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கி, "அவ்ளோதானா?" என்றாள்.

அந்த உதட்டை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "இதுல கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட இருக்கு!" என்று சொல்லிவிட்டேன். மாமா என் தோளைத் தொட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன். முன்னால் போய் பெயரை அடித்து, பொத்தானைப் பிடித்துக்கொண்டு, இரண்டு, ஐந்து, ஐந்து தட்டினேன். கதவு திறந்தது.

மேனேஜர் ஒன்றும் கடுமையான ஆள் இல்லை. சிரித்தபடிதான் குனிந்து பார்த்தார். விளையாட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு ஃபைல் பெயர்கள் இருந்தன. இது என்ன என்று கடைசியைக் காட்டினார். ஒன்றுமில்லை சார் என்றார் மாமா.

"ஒண்ணுமில்லாதத எதுக்குய்யா ஒளிச்சு வெக்கணும்? தெறங்க."

மாமா திறந்தார். திரை முழுக்கப் பெயர்கள் இறங்கின. கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் இங்கிலீஷில். எனக்கு இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரே பெயர், இனிஷியலுக்காக வாத்தியார் எழுதப் பழக்கிய பெயர், மேலிருந்து மூன்றாவதாக இருந்தது.

"ஐ, எங்கப்பா பேரு!"

அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று மேனேஜர் கேட்டார். "நம்ம சுரங்கத்துலதான் சார்" என்று பெருமையாகச் சொன்னேன்.

மேனேஜரின் சிரிப்பு நின்றது. டைப் பழகுவதற்காக, தெரிந்தவர்களின் பெயர்களை அடித்தேன், அது என் மச்சான் பெயர் என்றார் மாமா. மேனேஜர் திரைக்கு அருகே குனிந்தார். மற்ற பெயர்களைப் படிக்கப் பார்த்தார். சந்தனப் பொட்டு பாதிப் பட்டியலை மறைத்துக்கொண்டிருந்தது. கர்ச்சீப்பை எடுத்துத் திரைக்குக் கொண்டுபோனவர், குங்குமத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டார். நல்ல நாளும் அதுவுமாக, வைத்த பொட்டை அழிக்கவா? கற்பூர வாசனைகூட இன்னும் போகவில்லை. வேறு வழி இருக்கிறதா என்பதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

அந்த நேரம் மாமாவுக்குப் போதுமாக இருந்தது. அவர் விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. திரை காலியானது. இன்னொரு வரி அடித்தார். நிச்சயமாகத்தானா என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டது. மாமா ஒரே ஓர் எழுத்தைத் தட்டினார். பட்டியல், மனு, என் விளையாட்டு எல்லாம் போயிற்று.

"யாரக் கேட்டு அழிச்சீங்க?" என்று கத்தினார் மேனேஜர்.

"கேம் வெச்சிருந்தேன் சார். தப்புதான்."

சைக்கிளில் திரும்பும்போது எனக்கு அழுகையாக வந்தது. விளையாட்டு போய்விட்டதே என்று அழுதேன். மாமா திட்டவில்லை. கொஞ்ச தூரம் போனபின், இன்னும் எந்தெந்தப் பெயரை அதில் படித்தாய் என்று மட்டும் கேட்டார். அப்பா பெயர் மட்டும்தான் என்றேன். அவர் மூச்சு விட்டது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. கடைவீதியில் நிறுத்தி ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரமே மாமாவுக்கு வேலை போனது. வேலை நேரத்தில் ஆலைக் கம்ப்யூட்டரில் விளையாடினார் என்று கடிதத்தில் எழுதியிருந்ததாம். நானும் அதை நம்பினேன். விளையாட்டுப் புத்தி என்று அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் பெரிய மனுஷிபோலச் சொல்லிக்கூடத் திரிந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மாமா ஜெயங்கொண்டத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கப் போனார். அப்பா வழக்கம்போல சுரங்கத்துக்குப் போனார். மற்ற நாற்பது பேரும் போனார்கள்.

தீபாவளிக்கு மாமா வந்தார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஓர் இரும்பு நாற்காலி. அதில் அப்பா உட்கார்ந்திருக்க, மாமா வந்தால் வாசற்படியில் உட்காருவார், அதுதான் முறை. அக்கா புருஷன் எதிரே தம்பி சரிசமமாக உட்கார மாட்டான், அக்கா புருஷன் எழுந்திருக்க மாட்டார். அன்று மாமா தலை தெரிந்ததும் அப்பா எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது.

"என்ன மச்சான் இது, உக்காருங்க" என்று பதறினார் மாமா. அவர் நாற்காலியில் உட்காரும்வரை அப்பா உட்காரவில்லை.

அடுப்படிக்கு ஓடி, அப்பா ஏன் எழுந்து நிற்கிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா திரும்பாமலே, "கால் மரத்துப்போயிருக்கும், போடி" என்றாள்.

அதையும் நம்பினேன். மாமா பஸ் ஏறிப் போனபின், அப்பாவைப் படுக்கச் சொல்லி இரண்டு காலையும் வெகுநேரம் பிடித்துவிட்டேன். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.