எம்.பி. கொண்டுவந்த நாலு சட்டமூலங்கள்

எம்.பி. ஒருவரின் செயலாளர் என்றால், அவர் கொழும்பில் செய்ததற்கும் செய்யாததற்கும் திருகோணமலையில் இருந்து பேச்சு வாங்குகிற உத்தியோகம். நீங்களும் அடுத்தவருக்காகப் பதில் சொல்லிப் பிழைப்பவரென்றால், இப்படிக் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருங்கள்.

நாலில் மூன்று

தேர்தல் வரப்போகிறது என்று கதை அடிபட்டதுமே, "நான் கொண்டுவந்த சட்டமூலமெல்லாத்தையும் போட்டு ஒரு துண்டுப்பிரசுரம் அடியும்" என்றார் எம்.பி. தேடினேன். ஐந்து வருடத்தில் நாலு. அதில் மூன்று, ஏதோவொரு சங்கத்தைச் சட்டப்படி பதிவதற்கு. தனி உறுப்பினர்கள் பெரும்பாலும் கொண்டுவருவது இதைத்தான். யாரும் எதிர்க்கமாட்டார்கள், பொன்னாடையும் கிடைக்கும்.

நாலாவதுதான் உருப்படியானது. இடம்பெயர்ந்தபோது காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள், அயலவரின் சாட்சியோடு புது உறுதி எடுக்கலாம் என்பது. சம்பூர் தங்கம்மா அக்கா எங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததால் வந்த சட்டமூலம் அது. அவருடைய காணியில் வேறொருவர் வேலி போட்டுவிட்டார். உறுதி இல்லாமல் அந்த ஆளை வெளியேற்ற வழியில்லை.

நாலையும் கொட்டை எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்தில் கொடுத்தேன். அச்சகக்காரர் என் கூட்டாளி. வாசித்துவிட்டுக் கேட்டார்: "மச்சான், இந்த மூண்டு சங்கத்தில ரெண்டுக்கு உன்ர எம்.பி.தானே தலைவர்?"

முதலாவது முன்னுரிமை

பின்பக்கத்தில் எம்.பி.யின் முன்னுரிமைகள். இங்கேதான் என் மூளை கூடுதலாக வேலை செய்தது. தோப்பூருக்கு அடித்ததில் வயலுக்குத் தண்ணீர் முதலாவது. மூதூருக்கு மீன் இறங்குதுறை முதலாவது. சம்பூருக்குக் காணி.

தோப்பூர் விவசாயி இப்றாகிம் காக்காவின் மகளை மூதூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. மகள் வீட்டுக்குப் போனவர், அங்கே கிடந்த பிரசுரத்தையும் தன்னுடையதையும் என் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். கோபமே இல்லை. "எல்லாரையும் முதலாவதா வெச்சா, ரெண்டாவதா நிக்கிறது ஆரு தம்பி?"

அந்த வெள்ளிக்கிழமை

காணிச் சட்டமூலம் விவாதத்துக்கு வர இருந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று எம்.பி. சபையில் இல்லை. இங்கே, தன் விளையாட்டுக் கழகத்தின் மண்டபத்துக்கு நாடா வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நாட்குறிப்பில் திறப்புவிழாவை எழுதியவன் நான். இரண்டும் ஒரே நாள் என்று பார்க்காமல் எழுதினேன். கொண்டுவந்தவர் இல்லாததால் சட்டமூலம் எடுபடவில்லை. அடுத்த தடவை பார்க்கலாம் என்றார் எம்.பி. அடுத்த தடவைக்குள் நாடாளுமன்றம் கலைந்துவிட்டது.

தங்கம்மா அக்கா பிரசுரத்தோடு வந்து, நாலாவது எந்த மட்டில் நிற்கிறது என்று கேட்டார். சபை கலைந்தால் நிறைவேறாததெல்லாம் செத்துப்போகும், முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றேன். என் பிழைதான் என்றும் சொன்னேன். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பிரசுரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "பாராளுமன்றத்தை ஒரு நாளில கலைக்க ஏலும். என்ர காணியில கிடக்கிற வேலியைப் பிடுங்க மட்டும் ஒருத்தராலயும் ஏலாது, என்ன தம்பி?"

பிரசுரத்தை மறுபடி அடித்தபோது நாலாவதுக்கு நேரே 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று போட்டேன். பொய்யும் இல்லாத, ஒருவருக்கும் உதவாத சொற்களைத் தேடிப்பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.