பன்னிரண்டு எண்ணுக்குள் பதினெட்டுக் காலடி

மூன்று வருடங்களுக்கு முன், ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்கு வெளியே ஒரு பாடசாலையின் பின்பக்க விளையாட்டு மைதானத்தில் இது நடந்தது. ஆகஸ்ட் கடைசி. எங்கள் போட்டிக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

நான் இருந்தது மேளமும் பியூகிளும் சேர்ந்த ஓர் அணி. எங்கள் சனங்கள் அதை 'பாண்ட்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் இது வீதியில் நேராகப் போகிற பாண்ட் இல்லை. பித்தளைக் குழலை ஊதிக்கொண்டே மைதானத்தில் வட்டம், அம்பு, விசிறி என்று உருவம் அமைத்து, கலைத்து, திரும்பவும் அமைக்க வேண்டும். நடுவர்கள் மேலே இருந்து பார்த்துப் புள்ளி போடுவார்கள். மைதானத்தில் இறங்குகிறவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். அவர்களில் ஒரே ஒருவர்தான் தமிழ். நான் அதற்குள் ஊதுவதை விட்டிருந்தேன்.

இயந்திரப் பொறியியல் படித்து, ஒரு தொழிற்சாலையின் அளவீட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அணியின் இடப்பட்டியல் என் பொறுப்பாகிவிட்டது. எங்கள் நிகழ்ச்சியில் அறுபத்திரண்டு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் யார் எங்கே நிற்பது, அங்கிருந்து அடுத்த நிலைக்கு எத்தனை காலடி, இசையில் எத்தனை எண்ணுக்குள் போய்ச் சேருவது என்று கணினியில் எழுதிக் கொடுப்பேன். ஓர் எண் என்றால் ஒரு தாளத் தட்டு, அதற்குள் ஏறக்குறைய ஒரு காலடிதான் நடக்கலாம். ஒரு காலடி என்றால் ஐம்பத்தேழு சென்ரிமீட்டர். எல்லோரும் அதைச் சின்னக் கொப்பியில் ஒட்டி, கழுத்தில் தொங்கவிட்டுப் பழகுவார்கள். எனக்கு அந்த வேலை இனிக்கும்.

அந்த ஒரே தமிழர், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. மகளைப் பயிற்சிக்கு ஏற்றி வந்தவர், காரில் சும்மா காத்திருக்க அலுத்து, தானும் சேர்ந்தார். மகள் படிக்க வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். அக்கா அணியை விடவில்லை. ஒருவரும் தூக்க விரும்பாத, தோளில் வைத்து ஊதுகிற மிகப் பெரிய பியூகிள் அவருடையது. பத்துக் கிலோவுக்கு மேல் வரும். அக்காவோ என் தோள் உயரம்.

எங்கள் தலைவர் ஒரு ஜெர்மன்காரர். இளம் வயதில் ஒரு கோடைகாலம் முழுக்க அமெரிக்காவில் ஊதியவர். இடைவேளைகளில் பழைய கதைகள் சொல்வார். முற்காலப் பியூகிளில் அழுத்துவதற்கு ஒரு கட்டைகூட இல்லை, உதட்டால் மட்டுமே சுரம் மாற்றினார்கள் என்பார். அந்தக் காலத்து நடுவர்கள் பென்சிலும் தாளுமாக வரிசைகளுக்கு உள்ளேயே நடந்து திரிவார்களாம். ஒரு கால் பிந்தினால் ஒரு கோடு. ஒரு கோட்டுக்குப் பத்தில் ஒரு புள்ளி போய்விடும். ஊதுகிறவர்கள் நடுவரோடு மோதிய கதைகளும் உண்டு. பிழைக்கு மட்டும்தான் கோடு, அழகாக இருந்தது என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை என்று சிரித்தார். பிறகு அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்களாம்.

எனக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்துவிட்டது. போட்டி வரைக்கும் நாமும் அப்படிச் செய்வோம், கோடுகளை நான் போடுகிறேன் என்றேன். அவர் சம்மதித்தார். இரண்டு கிழமை வரிசைகளுக்குள் நடந்து கோடு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டியலைப் பெயர்வாரியாக அச்சடித்து, வாத்தியங்கள் வைக்கும் கொள்கலனின் கதவில் ஒட்டினேன்.

பெரும்பாலானவர்களுக்கு மூன்று, நான்கு கோடுகள். அக்காவுக்குப் பதினொன்று. பதினொன்றும் ஒரே இடத்தில், நாற்பத்தோராம் நிலையிலிருந்து நாற்பத்திரண்டுக்குப் பின்பக்கமாக நடக்கும்போது.

தலைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமையும் இப்படியே இருந்தால் அக்காவின் இடத்தை வெறுமையாக விட்டுப் போட்டிக்குப் போவோம் என்றார். அக்கா என்னிடம் வந்து, எத்தனை காலடி குறைகிறது என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு முறையும் மூன்று என்றேன்.

"எனக்குக் கால் கட்டை, பிள்ளை. வேலைக்குப் போக முன்னம் காலமையில ஓடிப் பாக்கிறன்."

அந்தக் கிழமை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காரணம் தெரியாது. ட்ராமில் நின்றபடி காலால் பன்னிரண்டு எண்ணினேன். வேலையிடத்தில் ஒரே அளவை இரண்டு தடவை எழுதினேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழும்பி நடந்தேன். பதினொரு முறையும் மூன்று காலடி. இரண்டும் இல்லை, நாலும் இல்லை.

புதன்கிழமை, ஒரு புதுப் பொறியாளருக்கு வேலை காட்டிக்கொண்டிருந்தேன். ஓர் உதிரிப்பாகம் எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால் பாகத்தைத் திட்டாதே, முதலில் அளவுகோலைச் சரிபார் என்றேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். அவர் இரண்டு முறை கூப்பிட்டாராம்.

மதிய இடைவேளையில் மடிக்கணினியைத் திறந்தேன். அக்காவின் வரி: நாற்பத்திரண்டுக்குப் பதினெட்டுக் காலடி. பத்து மீட்டருக்கும் அதிகம். எண்ணிக்கை பன்னிரண்டு. ஏப்ரலில் இசையில் எட்டு எண் நீளமான ஒரு துண்டை வெட்டியிருந்தோம். இருபது எண்ணாக இருந்தது பன்னிரண்டானது. நாற்பத்தேழு பேருக்குத் தூரத்தைக் குறைத்துத் திருத்திய நான், வரிசையின் கடைசியில் நின்ற ஒருவருக்கு எண்ணை மட்டும் மாற்றிவிட்டுத் தூரத்தை அப்படியே விட்டிருந்தேன்.

முதலில் எனக்கு வந்த யோசனையை இங்கே மறைக்கப் போவதில்லை. அக்காவின் தூரத்தைக் குறைத்துப் புதிய தாள் ஒன்று அச்சடித்தேன். 'உருவம் அழகாக வருவதற்கான மாற்றம்' என்று தலைப்புப் போட்டேன். அதை அக்காவின் கொப்பியில் ஒட்டினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. இரண்டு நாள் அந்தத் தாள் என் பையில் இருந்தது. பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போனேன். அக்கா அதற்கும் முன்பே வந்திருந்தார். வாகனத் தரிப்பிடத்தில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு கீறி, அந்தப் பெரிய பியூகிளோடு பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் பல பழைய கோடுகள், மழையில் பாதி அழிந்து கிடந்தன.

அதை ஒருக்கால் எனக்குத் தாருங்கள் என்று வாங்கித் தோளில் வைத்தேன். புல்லுக்குப் போய், அக்கா எண்ண, நான் பின்னுக்கு ஓடினேன். ஒன்பதாம் எண்ணில் குழலைக் கட்டிப்பிடித்தபடி மல்லாக்க விழுந்தேன். அக்கா சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். நான் எழும்பாமல், இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பையிலிருந்த தாளையும் காட்டினேன்.

சிரிப்பு நின்றது.

"ஏப்ரலில இருந்தோ?"

"ஓம் அக்கா."

"வயசு போட்டுது, இனி ஏலாது, விடுவம் எண்டு நினைச்சன். மகளுக்கும் அப்படித்தான் சொன்னனான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் குழலை வாங்கி, அதில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தார்.

"கதவில ஒட்டினது நீர்தானே. நீரே கழட்டும். சும்மா கழட்டினால் போதாது. எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டுக் கழட்டும்."

சொன்னேன். நாற்பத்தெட்டுப் பேரும் தலைவரும் நிற்க, ஜெர்மனில் முழுவதையும் சொன்னேன். தலைவர் தன் பென்சிலை நீட்டினார். அக்காவின் பதினொரு கோடுகளையும் வெட்டினேன். அவற்றை என் பெயருக்கு மாற்றப் போனபோதுதான் கவனித்தேன். அந்தப் பட்டியலில் என் பெயருக்கு ஒரு வரியே இருக்கவில்லை. கடைசியில் கையால் எழுதிச் சேர்த்தேன்.

போட்டியன்று பார்வையாளர் மேடையில் நின்று பார்த்தேன். நாற்பத்தொன்று வந்தபோது எண்ணத் தொடங்கினேன். எட்டு, ஒன்பது, பத்து. பன்னிரண்டில் அக்கா தன் இடத்தில் நின்று ஊதிக்கொண்டிருந்தார். நாங்கள் எத்தனையாவது இடம் வந்தோம் என்பதை யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

அடுத்த வருடம் ஊன்ட்றொப்பில் இருக்கும் அம்மன் கோயில் திருவிழாவில் அக்காவைக் கண்டேன். பக்கத்தில் நின்றவர்களிடம் என்னைக் காட்டி, "அஞ்சு மாசம் என்னைப் பின்னுக்கு ஓட வச்ச பிள்ளை இவதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்றைக்கும் நான் பட்டியல் போடாமல் இருப்பதில்லை. ஆனால் பிழைகளைப் பற்றிய பட்டியல் என்றால், முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றவர்களின் பெயருக்குப் போகிறேன்.