1809-இல் பிறக்காதவர்

மார்ட்டினைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், கிடையாது. அவரோடு நான் இருந்தது மொத்தமே நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தில் நான் செய்த காரியம் மனசைக் குடைந்ததால்தான் அவர் யார், எந்த ஊர், எப்படிப் படித்தார் என்று பின்னால் ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாதியை அவர் மனைவி பாத்திமா சொன்னார்.

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா ஆசீர்வாதம் கரும்பு வெட்டும் ஆள். மூன்று வயதில் தட்டம்மை போட்டு மார்ட்டினுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆறு வயதில் வெளியூரில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளி எழுத்து கற்று, அதிலேயே படித்து, பி.ஏ. வரலாறு முடித்தார். பட்டத்தை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவருக்குக் கிடைத்தது மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகள் வரிசை நிற்கும் இடத்தில் மைக் பிடிக்கும் வேலை. பக்கத்தில் ஒருவர் டோக்கன் நம்பரைக் காதில் சொல்வார், இவர் மைக்கில் கூப்பிடுவார். பதினெட்டு அரவைப் பருவம் அப்படி ஓடியது.

அங்கேதான் படிப்பும் நடந்திருக்கிறது. நாலு இலக்க நம்பர் எது வந்தாலும் அவருக்கு அது ஒரு வருஷம். ஆயிரத்து எண்ணூற்று ஆறு என்று மைக்கில் கூப்பிட்டால், மனசுக்குள் வேலூர்ப் புரட்சி. ஆயிரத்து எண்ணூற்று ஒன்பது வந்தால் மட்டும் ஆள் கொஞ்சம் நின்றுவிடுவாராம், அந்த வருஷத்தில் அவ்வளவு கூட்டம். நெப்போலியன் வாக்ராமில் ஆஸ்திரியாவைத் தோற்கடித்தது, ரஞ்சித் சிங்கும் கம்பெனிக்காரர்களும் அமிர்தசரஸில் உடன்படிக்கை போட்டது, திருவிதாங்கூரில் வேலுத்தம்பி தளவாய் உயிரை விட்டது, பிப்ரவரி பன்னிரண்டு ஒரே நாளில் லிங்கனும் டார்வினும் பிறந்தது. எல்லாவற்றையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிற டிராக்டர்காரர் ஹாரனை அமுக்கிவிடுவார் என்று பாத்திமா சிரித்தார்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. என் பெயர் ஜெயசுதா. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு அதைவிட ஜாஸ்தி. அரசுப் பணித் தேர்வை நாலு முறை எழுதியிருக்கிறேன். நாலாவது முறை ஒரே ஒரு கேள்வியில் போனது, அதோடு எனக்கு வெறுத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் அதே தேர்வுக்கான ஒரு மையத்தில், பார்வையில்லாத ஒருவர் சொல்லச் சொல்ல எழுதித்தர ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். சரி என்று போனேன்.

தரைத்தளத்தில் தனி அறை. மேற்பார்வைக்கு அரங்கநாதன் என்ற பெரியவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவே எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்ட்டின் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பித்தான் கழுத்துவரை. வாசலில் விட்டுப் போகும்போது பாத்திமா என் கையைப் பிடித்து, "மேடம், சலுகை எல்லாம் சேத்தும் இதோட அவருக்கு வயசு முடியுது. இதான் கடைசி. கொஞ்சம் பொறுமையா படிச்சுக் காட்டுங்க," என்றார். நான் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

உட்கார்ந்ததும் மார்ட்டின் முறையைச் சொன்னார். "மேடம், நான் எழுத்தையும் சொல்லுவேன், பதிலையும் சொல்லுவேன். ரெண்டும் ஒத்துப்போனா வட்டத்தத் தேயுங்க. ஒத்துப்போவலன்னா என்னைக் கேளுங்க. வேற எதுவும் வேணாம்."

வேற எதுவும் வேணாம். அதை எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது, எனக்குச் சுருக்கென்றது.

அறுபது கேள்வி வரை ஓட்டமாகப் போனது. நான் நாலு விடையையும் படித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். பல கேள்விகளில் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அறுபத்து மூன்றாவது கேள்வி. 1809-ஆம் ஆண்டில் பிறக்காதவர் யார்? அ, ஆபிரகாம் லிங்கன். ஆ, சார்லஸ் டார்வின். இ, லூயி பிரெய்ல். ஈ, கரிபால்டி.

"ஈ. கரிபால்டி," என்றார். சொல்லும்போது சின்னதாகச் சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு வேறு மாதிரிப் பட்டது. லிங்கனும் டார்வினும் ஒரே நாள் என்பது எனக்கும் மனப்பாடம், அதனால் மிச்சம் இரண்டு பேர். பிரெய்ல் எழுத்து உருவானது 1824 என்று என் பழைய நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். 1809-இல் பிறந்திருந்தால் அப்போது வயது பதினைந்து. பதினைந்து வயதுப் பையன், அதுவும் கண் தெரியாத பையன், உலகத்துக்கே ஒரு எழுத்தைக் கண்டுபிடித்தானாம்! மீசை முளைக்காத வயசு. இந்த மனுஷன் தன் எழுத்தைக் கொடுத்தவர் என்ற பாசத்தில் அந்தப் பெயரைத் தொடாமல் பக்கத்துப் பெயரைச் சொல்கிறார், பாவம், கடைசி வாய்ப்பு, ஒரு மார்க்கில் போனால் என்ன வலி என்று எனக்குத் தெரியும். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் யோசித்தேன். பேனா இ-க்குப் போனது. வட்டத்தை முழுக்கக் கறுப்பாக்கினேன்.

நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகூட இருந்தது.

நூறு கேள்வி முடிந்ததும் தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். மார்ட்டின் பாட்டிலை மூடிக்கொண்டே தானாகப் பேசினார். "அந்த அறுபத்தி மூணு எனக்குன்னே வெச்சது மேடம். எங்க ஹாஸ்டல்ல வருஷா வருஷம் ஜனவரி நாலு அன்னிக்குக் கேசரி போடுவாங்க, பிரெய்ல் பொறந்த நாளுன்னு. அப்பாவோட பட்டறையில தோல் குத்துற ஊசிய எடுத்து வெளாடுறப்ப கண்ணுல குத்திக்கினாரு. அப்ப மூணு வயசு, என்னாட்டமே. பதினஞ்சு வயசுல இந்த ஆறு புள்ளியக் கண்டுபுடிச்சாரு. நாங்க அத வெச்சித்தான் பொழைக்கிறோம்."

தாளைப் பார்த்தேன். அழிக்க முடியாத மை, குண்டாகக் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. இரண்டு வட்டம் தேய்த்தால் அந்தக் கேள்விக்கு மார்க்கே இல்லை. நூற்றொன்றாவது கேள்வியைப் படித்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மார்ட்டின் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தலையை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், மத்ததுக்கெல்லாம் நான் சொன்ன ஒடனே தேச்சீங்க. அதுக்கு மட்டும் நின்னு தேச்சீங்க. நான் அப்பவே கேட்டிருக்கணும். அறுபத்தி மூணுக்கு இன்னா தேச்சிருக்கீங்க?"

பொய் சொல்ல முடிந்திருக்கும். ஈ என்று சொன்னால் அவரால் என்ன சரிபார்க்க முடியும்? அந்த நினைப்பு வந்தது என்பதே எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. "இ," என்றேன்.

அவர் மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அரங்கநாதன் நிமிர்ந்து பார்த்து, "என்னங்க, ஏதாவது பிரச்சினையா?" என்றார்.

"சாரைக் கூப்புடட்டுமா?" என்று மார்ட்டினிடம் மெதுவாகக் கேட்டேன். "நான் செஞ்சதைச் சொல்லிடறேன்."

"சொன்னா என் பேப்பர் இன்னா ஆவும்?"

"தனியா எடுத்து வெப்பாங்கன்னு நெனைக்கிறேன். அப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும். என்கூடப் படிச்ச ஒருத்தன் பேப்பர இப்பிடித்தான் நிறுத்தி வெச்சாங்க. முடிவு வர்றதுக்குள்ள அவனுக்கு வயசு தாண்டிப்போச்சு." பிறகு அரங்கநாதன் இருக்கும் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். "ஒண்ணும் இல்ல சார். தண்ணி குடிச்சோம்."

என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "வேற எதுனா மாத்துனீங்களா?"

"இல்லங்க. சத்தியமா இல்ல."

"சரி," என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. நம்புவதற்கு நான் என்ன செய்திருந்தேன்? தன் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி, "இத நூத்தி ஒண்ணு வரிசையில முதல் வட்டத்து மேல வையுங்க," என்றார். வைத்தேன். அங்கிருந்து நகத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று இடைவெளியைத் தடவி அளந்துகொண்டார். அதற்கப்புறம் மிச்சமிருந்த நூறு கேள்விக்கும், அந்தந்த வரிசையின் முதல் வட்டத்தில் நான் அவர் விரலை வைப்பேன், அவர் பதில் சொல்வார், விரலைக் கொண்டுபோய் வட்டத்துக்குக் கீழே ஊன்றுவார், நகத்தை ஒட்டி என் பேனா இறங்க வேண்டும். விரல் நகராத வரை நானும் நகரக் கூடாது. என்னைப் பாதியில் எழுந்து போகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. கொடுத்த கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷத்தில்தான் முடித்தோம்.

வாசலில் பாத்திமா ஓடிவந்தார். "எப்பிடி எழுதுன? நல்லா எழுதுனியா?"

"எழுதுனேன். மேடம் பொறுமையா படிச்சாங்க," என்றார் மார்ட்டின். மனைவியின் தோளில் கை வைத்தார். அந்த விரல் முழுக்க மை.

எட்டு மாதம் கழித்து முடிவு வந்தது. பட்டியலில் அவர் நம்பர் இருந்தது. நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுகூட யோசிக்காமல் அழுதேன். அவர் ஜெயித்துவிட்டார், என் பாவம் கழிந்தது என்று ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு கலந்தாய்வு நடந்தது. தரவரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பார்வையற்றோருக்கான இடத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒன்றே ஒன்று, சங்கராபுரத்தில். அதை மார்ட்டினுக்கு ஒரு படி முன்னால் இருந்தவர் எடுத்துக்கொண்டார். அவருக்கும் மார்ட்டினுக்கும் வித்தியாசம் ஒன்றரை மார்க், அதாவது ஒரே ஒரு கேள்வி. அது சரியாக இருந்திருந்தால் இருவரும் சமம், சமமானால் வயதில் மூத்த மார்ட்டினுக்குத்தான் முதல் இடம். மார்ட்டினுக்குக் கிடைத்தது தென்காசிப் பக்கம். பாத்திமாவுக்கு அங்கன்வாடியில் வேலை, மகள் பத்தாம் வகுப்பு, படுக்கையில் அப்பா ஆசீர்வாதம். நாற்பத்து மூன்று வயதில் அவர் மட்டும் தனியாகப் போய், வாசற்படி எங்கே, பஸ் எந்தப் பக்கம் என்று முதலிலிருந்து தடவ வேண்டும்.

பாத்திமாவிடம் நம்பர் வாங்கிப் போன் செய்தேன். மன்னிப்பு, அது இது என்று, அந்தப் பதினைந்து வயதை நம்பாததையும் சேர்த்து என்னவோ உளறினேன். மார்ட்டின் முழுவதையும் கேட்டார்.

"வேல கெடச்சிது மேடம், அதுக்கு சந்தோசம்தான்," என்றார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன், கோச்சுக்காதீங்க. பதினஞ்சு வயசுல அவரு கண்டுபுடிச்சாருன்றத நீங்க நம்பல. பரவால்ல, அவரு என்னிக்கோ செத்துப்போனவரு. நான் உங்க பக்கத்துலயே குந்திக்கினு பதில் சொன்னேனே. என்னை ஏன் நம்பல?"

அவர் காத்திருந்தார். போனை நான்தான் வைத்தேன்.