அங்கியின் ஓரத்தில் மஞ்சள்

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் தையல் கடை வைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு பாலஸ்தீனப் பெண் வெள்ளை அங்கி ஒன்றைக் கொண்டுவந்தாள். அடையாறு ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள். தமிழ் நன்றாகவே வந்தது. கணுக்கால் வரை நீண்ட அங்கி. மார்பு முழுக்கச் சிவப்பு நூலில் கிராஸ் ஸ்டிச் பூக்கள். மடித்து மடித்து வைத்ததில் ஓரத் தையல் விட்டிருந்தது.

"இந்தப் பூ எங்க ஊர்ல மட்டும்தான் அக்கா. பார்த்தாலே எந்த ஊர்னு சொல்லிடுவாங்க."

"இன்னா ஊரும்மா?"

சொன்னாள். என் வாயில் நுழையவில்லை.

"இப்போ அங்க யாரும் இல்லை. நாற்பத்தெட்டுலயே எல்லாரையும் விரட்டி, வீடெல்லாம் இடிச்சு, மேல மரம் நட்டுட்டாங்க."

அங்கி அவளுடைய அத்தை தைத்தது. அத்தை இன்னும் அகதி முகாமில் இருக்கிறாராம். லீவுக்குப் போகும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நூல் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

நான் என்ன நேற்றுப் பிறந்தவளா? விட்ட இடம் தெரியாமல் தைத்தேன். ஆனால் அன்று மேஜை நிறைய முகூர்த்த ரவிக்கைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஈர மஞ்சளைத் தொட்டு வைத்துக்கொண்டே வந்த கை, அங்கிக்கும் வைத்துவிட்டது. பாழாய்ப்போன கை! பதறிப்போய்ச் சோப்புப் போட்டேன். மஞ்சள் ரத்தமாய்ச் சிவந்தது. சோப்புப் பட்டால் சிவக்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த நேரம் என் புத்தி எங்கே மேயப் போனதோ.

அவள் வந்ததும் மறைக்காமல் காட்டி, மஞ்சள் வைத்ததையும் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெயில்ல போட்டா ரெண்டே நாள்ல பூடும்மா, சத்தியமா."

"இது எதுக்கு வைக்கிறீங்க?"

"புதுத் துணிக்கு வைப்போம்மா. கட்டிக்கிறவங்க நல்லா இருக்கணும்னு. இது பழசுதான், கை தவறி..."

"பழசு இல்லை அக்கா. இதை யாரும் போட்டதே இல்லை. அத்தை அவங்க கல்யாணத்துக்குத் தச்சாங்க. கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னாடி ஊர் போயிடுச்சு. மாப்பிள்ளை என்ன ஆனார்னு இன்னும் தெரியாது."

அவள் மடியில் இருந்த அங்கியின் அக்குளைத் திருப்பிப் பார்த்தேன். உடுத்திய துணி அங்கே பொய் சொல்லாது. ஒரு வியர்வைக் கறை இல்லை. ஆளே நுழையாத உடுப்பை இரண்டு நாள் மடியில் வைத்திருந்திருக்கிறேன்.

"குடும்மா, மாடியில காயப் போடறேன்" என்று கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"வேண்டாம் அக்கா. அத்தை கல்யாணத்துக்குன்னு இதுவரைக்கும் யாரும் எதுவும் செய்யலை. இந்த மஞ்சள் இருக்கட்டும்."