ஓரத்தில் ஒரு நகம்

ஒரு வரியில் சந்தேகம் வந்தால் கனகராஜ் முதலில் தொண்டையைச் செருமுவான். பிறகு தாளின் ஓரத்தில், அந்த வரிக்கு நேராக, கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துவான். ஜப்பான்காரன் காலத்தில் பென்சில் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அவன் நகத்தைத்தான் நம்பியிருப்பான். "நகம் போட்டா அழிக்க முடியாதுடா. யோசிச்சுத்தான் போடணும்."

சிங்கப்பூரில் எங்கள் கல்லூரி மூடப்பட்டபோது இருவருக்கும் கடைசி வருடம். ஆய்வேடுகள் பாதியில் நின்றன. சொந்த ஊரான லாயாங் லாயாங்குக்குத் திரும்பி, தோட்டத்தில் மரவள்ளிக்கு மண் வெட்டினோம். "நாளைக்கே காலேஜத் தொறந்துட்டா? வெறுங்கையோட போய் நிப்பியா?" என்று என்னைப் பிடித்து எழுத உட்கார வைத்தவன் அவன்தான். ஒப்பந்தம் எளிது: அவன் என் பக்கத்தைப் படித்தால் நான் அவன் பக்கத்தைப் படிக்க வேண்டும். அவனுடையது, ரயில் வந்தபின் எங்கள் ஊர்ச் சந்தை. என்னுடையது, தோட்டத்துப் பிள்ளைகளின் சாப்பாடு. இங்கிலீஷ் தாள்களோடு பிடிபட்டால் அடி நிச்சயம்; மரவள்ளிக் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோவோம். வேலை முடிந்ததும் தண்டவாளத்தை ஒட்டிய மதகுக் கட்டையில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்வரை படிப்போம்.

'பிள்ளைகளின் கண்களில் அந்தி குடியிருக்கிறது' என்று பொருள்பட ஒருமுறை எழுதிவிட்டேன். செருமல். நகம். "அலமாக்! வேலு, இது தீசிஸா, நீ ஒளிச்சு வச்சுப் படிக்கிற வசன கவிதையா? எத்தன பிள்ளைன்னு எழுதுடா!"

நல்ல பக்கம் என்றால் துண்டால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொள்வான். பாராட்டு அவ்வளவுதான். அந்தத் துண்டுக்காகவே நான் திருத்தித் திருத்தி எழுதினேன்.

ஜப்பான்காரன் வந்த மூன்றாம் வருடம் முறையை மாற்றினான். "இனிமே நீயே வாய்விட்டுப் படி. தப்பு ஒங் காதுக்கே தெரியும்." என் குரலைக் கேட்க எனக்கே கூச்சம். ஆனாலும் படித்தேன். செருமினால் நிறுத்துவேன். "அங்க ஒரு நகம் போட்டுக்க" என்பான். நானே போட்டுக்கொள்வேன்.

தன் பக்கங்களைக் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டான். கடைசி அத்தியாயம் மட்டுமே பாக்கி.

"உன்னோடது எங்கடா?"

"மொதல்ல உன்னது முடியட்டும் லா. ரெண்டு பேருமா சேந்து தோக்கணும்?"

கல்லூரி திறக்கும்போது இவன் வெறுங்கையோடு நிற்பானே என்பதுதான் என் பயம்.

மாலைக்கண் நோய் பற்றிய அத்தியாயத்தில், பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் தடுக்கி விழுவதாக எழுதியிருந்தேன். நெடுநேரம் செருமினான்.

"விழுந்த பிள்ளையப் பாத்தியா?"

"இல்ல. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொன்னாரு."

"விழமாட்டாங்கடா. விழாம போக ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருப்பாங்க. கூட இருக்கிறவனுக்கே தெரியாது. போய்ப் பாத்து எழுது."

மறுநாள் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். பேச்சியம்மாள் என்ற சிறுமி, விளையாட்டுப்போலத் தம்பியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நோய் அவளுக்குத்தான். எழுதிப் படித்துக் காட்டினேன். துண்டை எடுத்தான்.

அன்றும் வழக்கம்போலத் தண்டவாளத்தின் வழியே வீட்டுக்குக் கிளம்பினான். ஒரு காலைக் கம்பியில் உரசி உரசி, அசைந்து அசைந்து ஒரு நடை. "இன்னும் சின்னப் பிள்ளையாடா நீ?" என்று கத்தினேன். திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டினான்.

சண்டை ஓய்ந்து, கல்லூரி திறந்தது. என் ஆய்வேடு முதலில் போனது; அவனுடையது மறுவருடம். இப்போது குளுவாங்கில் வாத்தியார். பையன்களின் கட்டுரைகளிலும் நகம்தானாம்.

போன மாதம் அவன் தங்கை சந்திரமதியைச் சந்தைக்கடையில் பார்த்தேன். செம்பனை எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தாள். பழைய பேச்சு வந்தது.

"இதக் குடிச்சுத்தானே அண்ணனுக்குக் கண்ணு திரும்புச்சு. உங்களுக்குத் தெரியாதாண்ணே? அப்பெல்லாம் பொழுது சாஞ்சா அதுக்கு ஒண்ணுமே தெரியாது. தண்டவாளத்தக் கால்ல தொட்டுக்கிட்டேதான் வீடு வந்து சேரும்."