சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் வரை

மனைவி இறந்த ஐந்தாம் மாதம் கணினி நின்றுபோனது. ராயபுரத்துக் கடல் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை என்பதால், மணிக்கொரு முறை எல்லாவற்றையும் தானாக நகலெடுக்கும் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேசையில் வைத்திருந்தேன். கல்மண்டபத்தில் பழுது பார்ப்பவரும் கவலையே படவில்லை.

"பேக்கப் கீதுன்றியே நைனா, அப்புறம் இன்னாத்துக்குப் பேஜாரு?"

எனக்கு வேண்டியிருந்தது அவள் குரல். கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து, மாலை செபமாலைக்குப் பிறகு அவளை மைக் முன்னால் உட்காரவைத்து அவள் கதையைப் பதிந்துவந்தேன். எண்ணூர்க் குப்பத்தில் பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொல்லிவந்தாள். கோப்புகளுக்குத் தேதிதான் பெயர். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன், குருத்து ஞாயிறன்று இறந்தாள்; அதற்கு முந்தைய வாரம்வரை மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

கடையில், கணினிக்குள் இருந்த வட்டு தேறாது என்று புதியதைப் போட்டு, நகலைத் திறந்தார்கள். எல்லாம் வந்துவிட்டதாக அவர் சொன்னார். நான் தேதிகளைப் பார்த்தேன். சாம்பல் புதனுக்கு முந்தைய நாளோடு நின்றிருந்தன.

வீட்டுக்கு வந்து காரணம் தேடினேன். நகலெடுக்கும் மென்பொருள் எந்தப் பிழையும் காட்டியிருக்கவில்லை. டிஸ்க் இணைப்பில் இல்லை, காத்திருக்கிறேன் என்று உள்ளே ஓர் ஓரத்தில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். டிஸ்க்கின் மின்வயரை மேசைக்குப் பின்னால் தொட்டுக்கொண்டே போனேன். அது மாதா சுரூபத்தின் சீரியல் விளக்கு எரியும் அதே சுவிட்சில் போய் முடிந்தது.

சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்கும்; அதற்கு முந்தைய இரவு அந்தச் சுவிட்சை அவள்தான் அணைப்பாள். நான் ஏதாவது சொன்னால், "ஆண்டவரு பாடுபடப் போறாரு, உனுக்குக் கலர் லைட்டு கேக்குதா?" என்பாள். உயிர்ப்புத் திருவிழாவான ஈஸ்டரின் இரவுப் பூசை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு அதைப் போடுவாள். டிஸ்க்கும் விழித்து, சேர்ந்துகிடந்ததை ஒரேயடியாக நகலெடுத்துவிடும். அதனால் முந்தைய ஆண்டுகளில் எதுவும் குறைந்ததில்லை. இந்த ஆண்டு அந்த இரவு சுவிட்சைப் போட அவள் இல்லை. துக்க வீட்டில் கலர் விளக்கை யாரும் தேடவுமில்லை.

டிஸ்க்கின் பிளக்கை வேறு போர்டுக்கு மாற்றினேன். மிஞ்சிய பதிவுகளில் கடைசியைக் கேட்டேன். மீன் ஏலத்தில் அவள் அம்மா போட்ட சண்டையைச் சொல்லிச் சிரித்து, இருமுகிறாள். பிறகு என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். குரல் மைக்கிலிருந்து விலகிக் கேட்கிறது.

"நாளிக்கு நீ என்னப் பொண்ணு பாக்க வந்த கதை. வெக்கப்படாம வந்து குந்து."