நேர்ந்துவிட்ட பூசணி

இருளாயிக்கு வாய் நீளம் என்பார்கள், பலாங்கொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில். அவளும் மறுக்கமாட்டாள். "நீளமா இருக்கப்போயித்தானே நாலு பேர் காதுல விழுது" என்பாள். கொழுந்து பறிக்கும் கைக்கும் அந்த வாய்க்கும் ஓய்வே கிடையாது.

அந்த வருஷம் வானம் மோசம் பண்ணிவிட்டது. ஆடி மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேயிலை கருகியது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்குப் பின்னால், மலைத் தண்ணீரை வாங்கி ஓடைக்கு அனுப்பும் கானில் மட்டும் கொஞ்சம் ஈரம் மிச்சம். நம்ம ஆட்கள் விடுவார்களா? ஆளாளுக்குத் தங்கள் காம்பராவுக்குப் பின்னால் கானை மண்போட்டு மேடாக்கிக் காய்கறி நட்டுவிட்டார்கள். இருளாயியும்தான். அவள் கத்தரி அந்த வறட்சியிலும் தளதளவென்று நின்றது.

புரட்டாசியில் கிராம சேவகர் கூட்டம் கூப்பிட்டார். அங்கே வந்திருந்த வானிலை அதிகாரி சிங்களத்தில் சொன்னதை இருளாயி லயத்தில் வந்து கொட்டினாள். "எங்கயோ பசிபிக் கடல் சூடேறிக் கெடக்காம். எல் நினோன்னு பேராம். நம்ம இந்து சமுத்திரமும் ஆப்பிரிக்காப் பக்கம் சூடாயிருச்சாம். இந்த மாதிரி வருஷத்துல முதல்ல காய விட்டுட்டு, ஐப்பசியில அள்ளிக் கொட்டுமாம். கானைத் தொறந்துறணுங்க!"

"இந்த வெயில்லயா? மண்டை சூடேறினது கடலுக்கா, இவளுக்கா?" லயமே சிரித்தது.

இருளாயிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பேசினது போதும் என்று மம்பட்டியை எடுத்தாள். பூவும் பிஞ்சுமாய் நின்ற தன் கத்தரியை வேரோடு பிடுங்கிப் போட்டாள். அடைத்த மண்ணை வெட்டி எறிந்து தன் பக்கத்துக் கானைத் திறந்தாள். அதைப் பார்த்தபின் சிரித்தவர்கள் ஒவ்வொருவராய்க் கானில் இறங்கினார்கள்.

நடுக் காம்பரா அழகமுத்து மட்டும் மசியவில்லை. அவர் நட்டது வெறும் பூசணி இல்லை. மழை வந்தால் முதல் காய் மாரியம்மனுக்கு என்று மஞ்சள் துணி கட்டி நேர்ந்துவிட்ட கொடி. முற்றுமுன் தொட்டால் தெய்வக் குத்தம்! லயத்தில் ஒருத்தர் கையும் அதன் பக்கம் போகவில்லை. ஆனால் நடுவில் அடைத்திருந்தால் மற்ற இடத்தைத் திறந்து என்ன பிரயோசனம்? தேங்கும் தண்ணீர் அவர் பின்சுவரைத்தான் சாய்க்கும். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள் கலைச்செல்வி அந்தச் சுவரோரம்தான் பாய் போட்டிருந்தாள்.

மேகம் கறுக்கத் தொடங்கியதும் இருளாயி அவர் வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, நான் தோண்டப் போறேன்."

"ஆத்தா சும்மா விடமாட்டா இருளாயி!"

"குத்தம் என் தலையில விழட்டும். உங்க மக தலையில சுவர் விழக்கூடாது."

சாமி பயம் அவளுக்கும் உண்டு. பிஞ்சை மஞ்சள் துணியோடு அறுத்துக் கோயில் படியில் வைத்தாள், விழுந்து கும்பிட்டாள். திரும்பி வந்து கொடியைப் பிடுங்கிக் கானை ஆழ வெட்டினாள். அழகமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐப்பசியில் கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு மழை! செம்மண் தண்ணீர் மலையிலிருந்து திமுதிமுவென்று இறங்கி, சுவர்களை உரசிக்கொண்டு கானோடு ஓடையில் போய் விழுந்தது. இருளாயி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அடைக்கிற மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தாள். அழகமுத்து மம்பட்டியோடு அவள் பக்கத்தில் வந்து இறங்கினார்.

"ஆத்தா கோவிச்சுக்கலையே, இருளாயி?"

"கோவிச்சிருந்தா இந்தத் தண்ணி உங்க மக பாயில ஓடியிருக்கும்ணே. பேசாம மண்ணை அள்ளுங்க."